இரண்டு மணிக்கு மேல் வரும் இடி

இலங்கை மலையகத்தில் இடி பெரும்பாலும் நேரம் பார்த்துத்தான் வருகிறது. மார்ச்சிலும் ஏப்ரலிலும், அப்புறம் ஒக்டோபரிலும் நவம்பரிலும், காலையில் பளிச்சென்று வெயில் அடிக்கும். பதினொரு மணிக்கெல்லாம் மலையுச்சிகளுக்கு மேலே வெள்ளை மேகம் திரளத் தொடங்கும். ஒரு மணிக்கு அதன் அடிப்பக்கம் கறுத்துவிடும். இரண்டு மணிக்கு மேல் முதல் இடி கேட்கும். அட்டனிலும் சரி, பசறையிலும் சரி, இதுதான் வழக்கம். வளிமண்டலவியல் திணைக்களம் இந்த மாதங்களில் விடுகிற அறிவித்தலும் ஏறக்குறைய இதையே சொல்கிறது: பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு இடியுடன் கூடிய மழை பெய்யலாம். தினமும் கேட்டுக் கேட்டு, அது காதில் விழுகிறதே தவிர மனதில் தங்குவதில்லை.

தங்க வேண்டும். எந்த மாதம், எந்த நேரம் என்று இவ்வளவு தெளிவாக முன்கூட்டியே தெரிகிற ஆபத்து மலையகத்தில் வேறு இல்லை. ஆனால் அதே நேரத்தில்தான் பெண்கள் பகல் சாப்பாடு முடிந்து மறுபடியும் தேயிலை பறிக்கிற கொழுந்து மலைக்கு ஏறியிருப்பார்கள். பாடசாலை விட்டு பிள்ளைகள் ஒற்றையடிப் பாதையில் நடந்து வந்துகொண்டிருப்பார்கள். வேலை முடிந்த ஆம்பிளைகள் குழாய்த் தண்ணீர் விழும் பீலியில் குளித்துக்கொண்டிருப்பார்கள். மின்னல் யார் மேல் விழும் என்பது தற்செயல்தான். ஆனால் அந்த நேரத்தில் யார் வெட்டவெளியில் நிற்கிறார்கள் என்பது தற்செயல் இல்லை.

ஏன் அந்த மாதங்களில் மட்டும் இப்படி? மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று அடிக்கிறது. மஸ்கெலியா, கினிகத்தேனை பக்கம் நாள் கணக்கில் மழை ஓயாது. ஆனால் அந்த மழையில் இடி குறைவு. வானம் மூடியே கிடப்பதால் நிலம் சூடாவதில்லை, பலமான காற்று மேகங்களை ஒரே இடத்தில் நின்று வளர விடுவதுமில்லை. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவக்காற்று. பதுளை, ஊவா பக்கம் நனையும். இந்த இரண்டுக்கும் நடுவே காற்று தளர்ந்துபோகிற இரண்டு இடைப்பருவங்கள்தான் இடியின் காலம். ஏப்ரலின் முதல் பாதியில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே நிற்கிறது. காலை வெயிலில் மலைச்சரிவு சூடாகிறது, அதைத் தொட்டு நிற்கும் காற்றும் சூடாகி மேலே எழுகிறது. கடல் பக்கமிருந்து ஈரக்காற்று பள்ளத்தாக்குகள் வழியாக ஏறி வந்து அந்த இடத்தை நிரப்புகிறது. எல்லாப் பக்கமிருந்தும் ஏறி வருகிற காற்றுக்கு மலைமுகட்டில் வந்து சேர்ந்த பிறகு மேலே போவதைத் தவிர வேறு வழியில்லை. சமவெளியில் மேகம் திரள இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும். மலைக்கு அந்தத் தாமதம் இல்லை.

இப்படி எழுகிற மேகம் 15 கிலோமீற்றர் உயரம் வரைகூடப் போகும். நமது மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையே 2,524 மீற்றர்தான். நமது வானத்தில் ஏறக்குறைய 5 கிலோமீற்றருக்கு மேலே நீர் உறையத் தொடங்குகிறது. அதற்கு மேலே மேகத்துக்குள் சின்னச் சின்னப் பனித்துகள்களும், கொஞ்சம் கனமான மென்பனி உருண்டைகளும், உறைநிலைக்குக் கீழே போயும் இன்னும் உறையாத நீர்த்துளிகளும் கலந்து கிடக்கின்றன. இவை மோதி விலகும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மின்னேற்றம் மாறுகிறது. நெல் தூற்றும்போது மணி கீழே விழ, பதர் காற்றோடு போகிற மாதிரி, எதிர்மின்னேற்றம் பெற்ற கனமான உருண்டைகள் கீழே தங்க, நேர்மின்னேற்றம் பெற்ற இலேசான துகள்களை மேலெழும் காற்று உச்சிக்குக் கொண்டுபோகிறது. இந்தப் பிரிவினை கூடிக்கொண்டே போய், காற்றால் தாங்க முடியாத அளவுக்கு வரும்போது மின்னல் பிறக்கிறது. அதில் பெரும்பங்கு மேகத்துக்குள்ளேயே முடிந்துவிடும். மிச்சம்தான் தரைக்கு வருகிறது.

அது ஒரே பாய்ச்சலாக வருவதில்லை. பல பத்து மீற்றர் நீளமான படிகளாக, கிளை பிரிந்து பிரிந்து, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் இறங்குகிறது. தரையை நெருங்கும்போது, தரையில் உயர்ந்து நிற்கும் எல்லாவற்றின் நுனியிலிருந்தும் மெல்லிய மின்னிழைகள் மேல்நோக்கி எழும்பும். மரத்திலிருந்து, மின்கம்பத்திலிருந்து, கோயில் கலசத்திலிருந்து, நிமிர்ந்து நிற்கும் மனிதரின் தலையிலிருந்தும்கூட. இறங்கி வருவது இவற்றில் எதனோடு இணைகிறதோ அந்த வழியாகப் பெருமின்னோட்டம் பாய்கிறது. சாதாரணமாக அது 30,000 அம்பியர் அளவு இருக்கும். அந்தப் பாதையின் வெப்பம் கிட்டத்தட்ட 30,000 பாகை. சூரியனின் மேற்பரப்பைவிட ஐந்து மடங்கு. கண நேரத்தில் இவ்வளவு சூடாகும் காற்று வெடித்து விரிகிற சத்தம்தான் இடி.

இதிலிருந்து ஒன்று விளங்கும். மின்னலுக்கு முக்கியம் உயரமும் தனிமையும்தான். கையில் கவ்வாத்துக் கத்தி இருந்தால் இடி தேடி வரும், கைபேசி இருந்தால் இழுக்கும், கண்ணாடியைத் துணி போட்டு மூடாவிட்டால் வீட்டுக்குள் இறங்கும் என்பதெல்லாம் சரியில்லை. கத்தியைத் தூக்கி எறிந்துவிட்டு மரத்தடிக்கு ஓடியவர் ஆபத்தைக் கூட்டிக்கொண்டார், குறைக்கவில்லை. காலில் ரப்பர் செருப்பு இருப்பதும் உதவாது. கிலோமீற்றர் கணக்கில் காற்றைத் துளைத்துக்கொண்டு வந்ததற்கு அரை அங்குல ரப்பர் ஒரு தடையே இல்லை.

இப்போது கொழுந்து மலையைப் பார்ப்போம். தேயிலைச் செடிகள் கவ்வாத்து வெட்டி, மட்டம் பார்த்து, இடுப்புயரத்தில் சமமாக வைக்கப்பட்டிருக்கும். அதற்கு நடுவே முதுகில் கூடையோடு நிற்கும் பெண்ணின் இடுப்புக்கு மேற்பட்ட பகுதி முழுவதும் அந்தப் பச்சை மட்டத்துக்கு மேலே தனியாகத் தெரியும். கூடவே மலை சரிவானது, திறந்தவெளியானது, பெரும்பாலும் முகட்டை ஒட்டியது. ஒரு மனிதரை மின்னலுக்கு முன்னால் நிறுத்த இதைவிட மோசமான இடத்தைத் தேடிப்பிடிப்பது கஷ்டம். மழை இறங்கியதும் கண்ணுக்குத் தெரிகிற ஒரே ஒதுங்கிடம் நிழல் மரமோ, எல்லைக்கு நட்ட டர்பன்டைன் மரமோதான். பத்துப் பதினைந்து பேர் ஒன்றாக அதன் கீழே ஒண்டிக்கொள்வார்கள். மின்னல் மரத்தில் விழுந்தால், பச்சை மரத்தைவிட ஈரமான மனித உடல் மின்சாரத்துக்கு நல்ல பாதை. அதனால் மரத்திலிருந்து பக்கத்தில் நிற்பவர் மேல் தாவும். தாவாவிட்டாலும் வேர் வழியே தரையில் பரவும்.

தரையில் பரவும் இந்த மின்னோட்டம்தான் நேரடியாகத் தலையில் விழுவதைவிட அதிகம் பேரைத் தாக்குகிறது. பலர் ஒரே நேரத்தில் சுருண்டு விழுவதும் பெரும்பாலும் இதனால்தான். விழுந்த இடத்தில் மின்னழுத்தம் மிக அதிகம், தள்ளிப்போகப் போகக் குறையும். ஒரு கால் கிட்டவும் ஒரு கால் எட்டவும் இருந்தால் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் ஒரு கால் வழியே ஏறி மறுகால் வழியே இறங்கும். மாட்டுக்கு முன்கால், பின்கால் தூரம் அதிகம், நடுவிலே இதயம் இருக்கிறது. மரத்தடியில் கட்டிய மாடு செத்துக் கிடக்க, பக்கத்தில் நின்றவர் தப்பியது எப்படி என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். நமது மலைகளில் இன்னொரு சங்கடமும் உண்டு. மேல்மண் மெல்லியது, கீழே கருங்கற்பாறை. பாறை மின்சாரத்தை நன்றாக ஏற்காது. அதனால் ஆழமாக இறங்கிக் கரைய வேண்டிய மின்னோட்டம் நனைந்த மேல்மண்ணிலேயே பக்கவாட்டில் வெகுதூரம் ஓடுகிறது.

எவ்வளவு தூரத்தில் இடிக்கிறது என்று பார்க்க ஒரு கணக்கு இருக்கிறது. மின்னல் தெரிந்ததிலிருந்து இடி கேட்கும்வரை விநாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் கிலோமீற்றர் வரும். முப்பது விநாடிக்குள் கேட்டால் உள்ளே போய்விடு என்று சொல்வார்கள். சமவெளிக்கு இது பொருந்தும். மலையில் இதை நம்பியிருக்காதீர்கள். மேகம் அடுத்த முகட்டுக்குப் பின்னால் நிற்கும், பனிமூட்டம் வெளிச்சத்தை மறைத்துவிடும், சத்தம் பள்ளத்தாக்கில் பட்டு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தெரியாமல் எதிரொலிக்கும். அதனால் நமக்கு ஒரே விதி போதும்: இடி காதில் கேட்டால் மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறோம் என்று அர்த்தம். மழை பெய்யும் இடத்திலிருந்து 10 கிலோமீற்றர் தள்ளியும் மின்னல் விழும். தலைக்கு மேலே வெயில் அடிப்பது பாதுகாப்புக்கு அடையாளம் இல்லை. அதேபோல, கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் போகும்வரை வெளியே வரக்கூடாது. மழை விட்டதும் கொட்டிய கூடையை எடுக்க ஓடுகிற அந்த நேரம் ரொம்ப ஆபத்தானது.

ஆனால் முதல் இடிக்கே ஒரு தொழிலாளி தானாக மலையை விட்டு இறங்க முடியுமா? முடியாது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பறித்த கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம்தான். முழுப் பேர் விழவேண்டும் என்பதற்காகத்தான் கறுத்த வானத்துக்குக் கீழேயும் கை ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆகவே தொழிலாளிக்கு மட்டும் அறிவுரை சொல்லிவிட்டு நகர்வது நியாயமில்லை. மலையிலிருந்து ஆட்களை இறக்கும் முடிவைக் வேலையை மேற்பார்க்கிற கங்காணியோ கணக்கப்பிள்ளையோ எடுக்க வேண்டும். அதற்கான அதிகாரத்தைத் தோட்டத்தை நடத்தும் துரை முன்கூட்டியே கொடுத்திருக்க வேண்டும். இடிக்காக ஒதுங்கிய நேரத்துக்குப் பேரை வெட்டுவதில்லை என்று காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். இது தயவு காட்டுகிற விஷயமில்லை, வேலைத்தளத்தின் பாதுகாப்பு.

இதைச் செய்ய அதிகம் செலவும் ஆகாது. இடைப்பருவ மாதங்களில் முகட்டை ஒட்டிய உச்சி மலைகளைக் காலையில் எடுத்துவிட்டு, ரோட்டுக்கும் பெக்டரிக்கும் கிட்ட உள்ள மலைகளைப் பகலுக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். எந்த மலையை எப்போது எடுப்பது என்பதை தினமும் காலையில் யாரோ ஒருவர் முடிவு செய்யத்தானே போகிறார்? வானத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டால் போதும்.

இறங்கி எங்கே போவது என்பதும் கேள்விதான். கொழுந்து நிறுக்கிற மடுவம் பாதுகாப்பான இடமில்லை. நாலு தூணும் ஒரு தகரக் கூரையும் மழையைத் தடுக்கும், மின்னலைத் தடுக்காது. பஸ் தரிப்பிடமும் அப்படித்தான். தேயிலை பெக்டரி மிக நல்ல இடம். பெரிய கட்டடம், இரும்புச் சட்டகம், நாலு பக்கமும் சுவர். மூடிய கூண்டுள்ள லொறியும், பஸ்ஸும், வேனும் நல்லவை. அங்கே காப்பாற்றுவது டயர் அல்ல, சுற்றியிருக்கும் உலோக உடல். மின்னோட்டம் அதன் வெளிப்புறமாக ஓடித் தரைக்குப் போய்விடும். கண்ணாடியை ஏற்றிவிட்டு, உலோகப் பாகங்களைத் தொடாமல் உட்கார வேண்டும். ஆட்டோ திறந்தது, உதவாது. தூரத்து மலைகளுக்குப் பக்கத்தில், சுவர் எழுப்பி, இடிதாங்கியும் ஒழுங்கான நிலத்தொடுப்பும் (எர்த்) வைத்த சிறிய ஒதுங்கிடங்களைத் தோட்டங்கள் கட்டவேண்டும். தொழிற்சங்கக் கோரிக்கைப் பட்டியல்களில் இதற்கும் ஓர் இடம் கொடுங்கள்.

எதுவுமே கிட்ட இல்லாமல் மாட்டிக்கொண்டால்? முகட்டை விட்டுக் கீழே இறங்குங்கள். தனி மரத்தை விட்டு விலகுங்கள். கம்பி வேலியைத் தொடாதீர்கள். தண்ணீர் ஓடுகிற கானுக்குள் (வடிகாலுக்குள்) இறங்காதீர்கள். ஒரே இடத்தில் குவியாமல் ஒருவருக்கொருவர் நல்ல இடைவெளி விட்டு நில்லுங்கள். அப்போதுதான் ஒருவருக்கு ஏதாவது நடந்தாலும் மற்றவர் ஓடிவந்து உதவலாம். மயிர் சிலிர்த்து எழும்பினால், இரண்டு பாதங்களையும் ஒட்டவைத்துக் குந்தி, தலையைக் குனிந்து காதைப் பொத்திக்கொள்ளுங்கள். படுக்கக்கூடாது. இது பாதுகாப்பு அல்ல, வேறு வழியே இல்லாதபோது ஆபத்தைக் கொஞ்சம் குறைக்கும் முயற்சி மட்டுமே.

வீட்டுக்குள் வந்துவிட்டால் பெரும்பகுதி ஆபத்து போய்விட்டது, தோட்டத்து வரிசை வீடான லயத்து வீடாக இருந்தாலும்கூட. தகரக் கூரை மின்னலை இழுக்காது. லயத்தில் நான் பயப்படுவது வயருக்குத்தான். ஒரு வரிசை வீடுகளுக்கு ஒரே கம்பத்திலிருந்து இணைப்பு, சில வீடுகளுக்குப் பக்கத்து வீட்டிலிருந்தே இழுத்த வயர். எங்கோ தூரத்தில் மின்கம்பியில் விழுந்த மின்னல் அதே கம்பி வழியே எல்லா அறைக்கும் வந்து சேரும். கூரையில் பூட்டிய டிஷ்ஷும் அதன் கேபிளும் இன்னொரு வாசல். வானம் கறுக்கும்போதே டீவி, டிஷ் கேபிள், ஃப்ரிட்ஜ், சார்ஜர் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. தலைக்கு மேலே இடிக்கத் தொடங்கிவிட்டால் பிளக்கைத் தொடப் போகாதீர்கள், டீவி போனால் போகட்டும். சார்ஜில் போட்ட கைபேசியில் பேசாதீர்கள். சார்ஜில் இல்லாததில் பேசலாம்.

ட்ரிப் சுவிட்ச் மின்னலைத் தடுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அது மின்கசிவிலிருந்து ஆளைக் காப்பாற்ற வைத்தது, கட்டாயம் தேவையானது. ஆனால் மின்னலின் வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியாது. நிலத்தொடுப்புக் கம்பியும் பல லயங்களில் பேருக்குத்தான் இருக்கிறது: பாறையில் முட்டி அரையோடு நின்றது, துருப்பிடித்தது, இணைப்பு கழன்றது. வருடத்துக்கு ஒரு தடவையாவது, பங்குனி வெயிலுக்கு முன்னால், தெரிந்த மின்வேலைக்காரரைக் கூப்பிட்டு இதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இடிக்கும்போது வாசற்படியிலும், நனைந்த சுவரில் சாய்ந்தும் உட்காராதீர்கள். மேலே மலையிலிருந்து இரும்புக் குழாய் வழியே தண்ணீர் வரும் பீலியில் குளிக்கவோ, துணி துவைக்கவோ வேண்டாம். குழாய் எங்கே தொடங்குகிறதோ அங்கே விழுந்ததும் உங்கள் கைக்கு வரும். அம்மாச்சிமார் இடி இடித்தால் அர்ச்சுனா, அர்ச்சுனா என்று சொல்லிக்கொண்டே பிள்ளைகளை உள்ளே இழுத்து நடு அறையில் உட்கார வைப்பார்கள். அந்த நடு அறை சரியான இடம்.

ஏப்ரல் விடுமுறையில் மைதானத்தில் கிரிக்கெட் ஆடுகிற பையன்களுக்கும், தோட்டத்துத் திருவிழாவில் தேரோடு போகிறவர்களுக்கும் இதே விதிதான். திருவிழாக் கமிட்டி ஊர்வலத்தைக் காலைக்கோ, இரவு இடி ஓய்ந்த பிறகோ வைத்தால் நல்லது. சிவனொளிபாதமலைப் பருவம் டிசம்பர் முழுநிலா நாளிலிருந்து வெசாக் வரை போகிறது. அதன் கடைசி வாரங்கள் முழு இடிக்காலம். 2,243 மீற்றர் உயரத்தில் இரும்புக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கூட்டத்துக்கு இடி எவ்வளவு ஆபத்தானது என்று சொல்லத் தேவையில்லை. இரவில் ஏறி விடியலில் கும்பிட்டுவிட்டுக் காலையிலேயே இறங்கிவிடுவது இந்த விஷயத்திலும் புத்திசாலித்தனம். பிற்பகலில் ஏறாதீர்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இடிக்கும்போது உள்ளே இரு என்பதற்கு மேலே ஒரு விதி மலையகத்தில் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போனது இதே இரண்டாவது இடைப்பருவத்தில்தான். நிலத்தில் வெடிப்பு தெரிந்தால், ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கினால் அல்லது நின்றுபோனால், மரங்கள் சாய்ந்தால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை வந்தால், இடியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கக்கூடாது. உடனே வெளியேற வேண்டும். இடர் முகாமைத்துவ நிலையத்தின் அழைப்பு எண் 117.

மின்னல் தாக்கிய ஒருவரைத் தொட்டால் நமக்கும் ஷொக் அடிக்கும் என்று பயந்து சுற்றி நின்று பார்ப்பதால் உயிர்கள் போகின்றன. அவர் உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது. தாராளமாகத் தொடலாம், இடி தொடர்ந்தால் பாதுகாப்பான இடத்துக்குத் தூக்கலாம். பல பேர் விழுந்து கிடந்தால், கத்துகிறவர்களையும் அசைகிறவர்களையும் விட்டுவிட்டு, அசையாமல் மூச்சில்லாமல் கிடப்பவரிடம் முதலில் போங்கள். மூச்சு விடுகிறவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். மூச்சில்லாதவர் செத்துவிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள். மின்னல் இதயத்தை ஒரு கணம் நிறுத்துகிறது. அது பல நேரம் தானாகவே மறுபடி துடிக்கத் தொடங்கும். ஆனால் மூச்சை இயக்கும் மூளைப்பகுதி விழித்தெழ இன்னும் நேரமாகும். அதற்குள் காற்றுக் கிடைக்காமல் இதயம் இரண்டாம் தடவை நின்றுவிடும். அந்த இடைவெளியில்தான் ஒருவரைக் காப்பாற்ற முடிகிறது. மார்பின் நடுவில் இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, 5 சென்றிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். பழகியவராக இருந்தால் 30 அழுத்தலுக்கு 2 தடவை வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுங்கள். மற்றொருவர் உடனே 1990க்கு அழைக்கட்டும். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்தான். தோட்டத்துப் பாதையில் அது வந்து சேர நேரமாகலாம், அதுவரைக்கும் ஆள் மாறி மாறி அழுத்திக்கொண்டே இருங்கள்.

எழுந்து நடந்து வீட்டுக்கு வந்தவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். செவிப்பறை கிழிந்திருக்கலாம், இதயத்துடிப்பு தாறுமாறாக இருக்கலாம். மறதி, தலைவலி, தூக்கமின்மை, கை கால் மரத்துப்போவது ஆகியவை சில நாட்கள் கழித்தும் தலைகாட்டும். அடுத்த வாரம் அவர் கிலோ குறைவாக எடுத்தால், சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள்.